டயாலிசிஸ் கையில் புடைப்பு: தூக்கத்தில் வெடித்துவிடுமா?

கேள்வி: என் கணவருக்கு 56 வயது. சர்க்கரை நோயால் சிறுநீரகங்கள் செயலிழந்து, மூன்று ஆண்டுகளாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். இடது கையில் டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடம் இரண்டு முண்டுகளாகப் புடைத்திருக்கிறது. இது தூக்கத்தில் வெடித்து உயிர் போய்விடும் என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து எனக்கு உறக்கமில்லை. அந்தக் கை எப்போதும் 'உர்' என்று அதிர்கிறது. டயாலிசிஸின்போது விரல்கள் சில்லிட்டுப் போகின்றன. ஒரு முண்டின் மேல் கறுத்த பொருக்கு பத்து நாட்களாக ஆறவில்லை, களிம்பு தடவி வருகிறோம். உடம்பெல்லாம் அரிப்பு வேறு. ஃபிஸ்டுலாவையே எடுத்துவிடலாமா?

பதில்: பொருக்கைப் பற்றி அரிப்புக்குப் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்துவது அது ஒன்றுதான். அடுத்த டயாலிசிஸ் நாள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்றே அவருடைய சிறுநீரக மருத்துவரிடமோ, ஃபிஸ்டுலா போட்ட அறுவை மருத்துவரிடமோ அந்தக் கையைக் காட்டுங்கள். அந்த இடத்தை அவர்கள் பார்த்து முடிவு சொல்லும்வரை அதன் அருகே யாரும் ஊசி குத்தக் கூடாது. பொருக்கை உரிக்காதீர்கள். களிம்பை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அதை இத்துடன் நிறுத்துங்கள். பொருக்கு ஊறி உதிர்வதற்குத்தான் அது உதவும்.

முண்டு விஷயத்துக்கு வருகிறேன். ஃபிஸ்டுலா புடைப்பது அதன் இயல்பு. டயாலிசிஸ் இயந்திரத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லி ரத்தம் வேண்டும். சாதாரணச் சிரையால் அவ்வளவு தர முடியாது. அதனால் தமனியை எடுத்துச் சிரையோடு தைத்துவிடுகிறோம். 1966-இல் நியூயார்க்கில் பிரெசியா, சிமினோ ஆகியோர் அடங்கிய குழு வெளியிட்ட முறை இது. இன்றுவரை இதைவிட நல்ல வழி வரவில்லை. தமனியின் அழுத்தம் பாய்ந்ததும் சிரை தடித்துப் பெரிதாகிறது. நன்கு முதிர்ந்த ஃபிஸ்டுலாவில் நிமிடத்துக்கு 600 மில்லிக்கு மேல் ரத்தம் ஓடும். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு ஊசி என்றால் ஆண்டுக்கு முந்நூறு குத்துக்கு மேல். அத்தனையும் அதே இரண்டு இடங்களில் விழுந்தால் சுவர் தளர்ந்து அங்கே முண்டு தோன்றும். மேலே தோல் தடிப்பாக, விரலால் கிள்ளித் தூக்க முடிகிறதாக இருந்தால், பார்க்க அருவருப்பாக இருக்கிறது என்பதைத் தவிர அந்த முண்டால் பெரும்பாலும் தொல்லை இல்லை. பல ஆண்டுகள் அப்படியே இருக்கும்.

ஆபத்து தோலில் இருக்கிறது. வீடியோ போட்டவர் முண்டின் அளவைக் காட்டியிருப்பார், தோலைக் காட்டியிருக்க மாட்டார். தோல் மெலிந்து, பளபளத்து, கிள்ளினால் பிடிபடாமல் போனால் எச்சரிக்கை. ஊசி குத்திய இடத்தில் வருகிற சிறு பொருக்கு சில நாட்களில் உதிர்ந்துவிட வேண்டும். பத்து நாள் ஆறாமல் கறுத்து நிற்கிறதென்றால் அடியில் புண் இருக்கலாம். அப்படியானால் ரத்தக்குழாய்க்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே இருப்பது அந்தப் பொருக்கு மட்டும்தான். சட்டைக் கையிலோ தலையணை உறையிலோ ஒரு சொட்டு ரத்தக் கறை பார்த்திருக்கிறீர்களா? தானாக நின்றுவிட்ட சிறு கசிவானாலும் அதை முன்னறிவிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நேரத்தைப் பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். சிவப்பு, சீழ், குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் இருந்தாலும் அப்படியே.

மருத்துவரிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊசியை எடுத்த பிறகு ரத்தம் நிற்க எவ்வளவு நேரமாகிறது? ஒவ்வொரு முறையும் இருபது நிமிடத்தைத் தாண்டுகிறது என்றால் மேலே எங்கோ சிரை சுருங்கி, ரத்தம் வடியாமல் முண்டில் அழுத்தம் ஏறுகிறது என்று சந்தேகிப்போம். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் முண்டு தளர வேண்டும். விறைப்பாகவே நின்றால் அதுவும் அதே சந்தேகம்தான். ஸ்கேனில் அடைப்பு தெரிந்தால் பலூன் வைத்து விரிக்கலாம்.

உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது 'ரத்தம் பீறிட்டால் நான் என்ன செய்வேன்' என்ற பயம் என்று தெரிகிறது. அழுத்த வேண்டும், அவ்வளவுதான். ரத்தம் வரும் புள்ளியின் மேல் நேராக, இரண்டு விரலால், விடாமல். துண்டு எடுத்துச் சுற்றாதீர்கள்; துண்டு ரத்தத்தை உறிஞ்சுமே தவிர அழுத்தாது. பாட்டில் மூடி கைக்கு எட்டினால் குழிவான பக்கம் புண்ணைப் பார்க்கும்படி கவிழ்த்து அழுத்தலாம். அவரைப் படுக்க வைத்து, கையை உயர்த்திப் பிடித்து, ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்ப்பது வேண்டாம். ஃபிஸ்டுலா அடைத்துக்கொண்டால் அடைக்கட்டும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதை உங்கள் கணவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும், அவர் தனியாக இருக்கும் நேரமும் உண்டல்லவா?

ஃபிஸ்டுலாவை எடுப்பதா? அது அவருடைய உயிர்நாடி. மெலிந்த தோலை நீக்கி முண்டைச் சிறிதாக்கி, அதே ஃபிஸ்டுலாவைத் தொடர்ந்து பயன்படுத்த வழி இருக்கிறது. புண் ஆறும்வரை சில வாரங்கள் டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் வைக்க நேரலாம். நிரந்தரமாகக் குழாயோடு இருந்தால் கிருமித்தொற்று அபாயம் ஃபிஸ்டுலாவைவிட மிக அதிகம். ஆகவே அவசரப்பட்டு எடுக்கச் சொல்லாதீர்கள்.

'உர்' என்ற அதிர்வு நல்லது. தினமும் காலையில் தொட்டுப் பாருங்கள். அது நின்றுபோனால் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே ஓட வேண்டும். டயாலிசிஸின்போது விரல் சில்லிடுவது பலருக்கும் உண்டு, கையுறை போட்டுக்கொள்ளட்டும். சும்மா இருக்கும்போதும் வலி, விரல் நுனியில் புண், பிடியில் பலம் குறைவது என்று வந்தால் மட்டும் சொல்லுங்கள். அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் இதைச் சற்றுக் கூர்ந்து கவனிக்க வேண்டும். கை வலிக்கிறதென்று கடையில் வலி மாத்திரை வாங்கித் தராதீர்கள். அவற்றில் பல ரத்தம் உறைவதைக் கெடுப்பவை.

அரிப்புக்குப் பாஸ்பரஸ் அளவையும் டயாலிசிஸ் போதுமான அளவு நடக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அது அடுத்த வாரம் ஆகட்டும். அதுவரை நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், முக்கியமாக வலது கை நகங்களை.