ஹார்டுவேர் கடைக்கும் ரக்பிக்கும் என்ன சம்பந்தம்?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நியூசிலாந்தின் வெலிங்டனுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனால் எல்லோரும் 'பன்னிங்ஸ் என்பிசி' பற்றியே பேசுகிறார்கள், பன்னிங்ஸ் ஆணியும் பெயின்டும் விற்கிற கடைதானே, அது எதற்கு ரக்பிக்குப் பேர் வைக்கிறது, டிவியைப் போட்டாலும் ஏன் அந்த மாதிரிக் கடைகளே வருகின்றன என்று கேட்டிருந்தீர்கள். நான் 2010இல் வந்த புதிதில் இதையேதான் கேட்டேன். கடையின் பேர்தான் அப்போது வேறு.

அந்த வருஷம் இதே போட்டிக்கு ஐடிஎம் கோப்பை என்று பேர். நான் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி என்று நினைத்துக்கொண்டேன். விசாரித்தால் மர வியாபாரிகள் சேர்ந்து நடத்தும் கூட்டமைப்பு! ஊரில் நாம் மரவாடி என்போமே, அதுதான். 2015 வரை அந்தப் பேர். 2016இலிருந்து 2020 வரை மைட்டர் 10 கோப்பை. அதுவும் ஹார்டுவேர் கடை. 2021 முதல் பன்னிங்ஸ். ஆக, இந்த நாட்டின் மாகாண ரக்பிப் போட்டி 2010க்குப் பிறகு மரம், ஆணி, பெயின்ட் விற்கிறவர்கள் கையைவிட்டுப் போகவே இல்லை. அதற்கு முன்னால் ஏர் நியூசிலாந்து கோப்பையாக இருந்தது. விமானம் போய் மரவாடி வந்தது.

என்பிசி என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆபீசில் உதவும். 1976இல் தொடங்கிய மாகாணங்களுக்கு இடையிலான போட்டி. இப்போது பதினான்கு அணிகள். நாட்டின் அணியான ஆல் பிளாக்ஸ் எல்லோருக்கும் பொது. இதில்தான் யார் எந்த ஊர்க்காரர் என்பது தெரியும். உங்கள் மேனேஜர் வைகாட்டோவில் வளர்ந்தவர் என்றால், வெலிங்டனில் இருபது வருஷம் குடியிருந்தாலும் வைகாட்டோவுக்குத்தான் கை தட்டுவார். இதற்குக் கீழே ஹார்ட்லேண்ட் என்று சிறிய மாகாணங்களுக்கான இன்னொரு போட்டி உண்டு. அதற்கும் பன்னிங்ஸ் பேர்தான். அதில் ஆடுகிறவர்கள் சம்பளத்துக்கு ஆடுவதில்லை. சனிக்கிழமை மைதானத்தில் மோதிவிட்டு, திங்கட்கிழமை மாட்டுப்பண்ணைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ கட்டட வேலைக்கோ போகிறவர்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் பலகை அறுத்துவிட்டு, மத்தியானம் மேட்ச் பார்க்கிறவர் ஒரே ஆள். அவருடைய வாரக்கடைசியில் பாதி கடைக்குப் போகிறது, மீதி ரக்பிக்கு. இரண்டையும் ஒரு பேரில் கட்டிப் போட்டால் முழுசும் நம்முடையது என்பதுதான் கடைக்காரர் கணக்கு.

நம்மூரிலும் இது இல்லாமல் இல்லை. 2008இல் சென்னை சூப்பர் கிங்ஸை 9.1 கோடி டாலருக்கு ஏலம் எடுத்தது ஒரு சிமென்ட் கம்பெனி, இந்தியா சிமென்ட்ஸ். ஆனால் ஒரு வித்தியாசம். நம் வீட்டில் சிமென்ட் மூட்டையை அப்பா தொட்டதுகூட இல்லை. எது நல்ல சிமென்ட் என்று கொத்தனார் சொல்வார், மேஸ்திரி வாங்கி வருவார், நாம் பணம் கொடுத்துவிட்டு டீ வாங்கிக் கொடுப்போம். அங்கே விளம்பரத்துக்குப் பேர் மனதில் நின்றால் போதும். இங்கே விளம்பரம் 'நீங்களே செய்யலாம்' என்று சுத்தியலை உங்கள் கையில் திணிக்கும். திணித்தால்தான் கடைக்கு வியாபாரம்.

சுத்தியலைப் பிடிக்காமலும் இருக்க முடியாது. வந்த இரண்டாம் வருஷம் எங்கள் குளியலறைக் குழாய் சொட்டியது. ஒருவரைக் கூப்பிட்டேன். வந்தார், கால் மணி நேரத்தில் ஒரு வாஷரை மாற்றினார், நூற்றைம்பது டாலருக்குப் பில் நீட்டினார். வாஷர் விலை அதில் ஒரு ஓரத்தில் இருந்தது. மற்றதெல்லாம் அவர் எங்கள் வீட்டுப் படி ஏறி வந்ததற்கு. அன்றைக்குத்தான் இந்தக் கடைகளின் விளம்பரத்தை முதன்முறையாகக் கவனித்துப் பார்த்தேன்.

விளம்பரங்களைப் பற்றிச் சொல்கிறேன். பன்னிங்ஸ் விளம்பரத்தில் நடிகர் வரமாட்டார், ரக்பி வீரர்கூட அபூர்வம். கடையில் வேலை பார்க்கிறவர்களே சிவப்புச் சட்டையும் பச்சை ஏப்ரனுமாக வந்து நிற்பார்கள். கொஞ்சம் தடுமாறித்தான் பேசுவார்கள், அதுதான் அழகு. இவ்வளவு பெரிய கம்பெனி பக்கத்து வீட்டுக்காரர் மாதிரித் தெரிய வேண்டும் என்று யோசித்துச் செய்த காரியம். 1886இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் அண்ணன் தம்பி இருவர் தொடங்கியது, இன்று வெஸ்ஃபார்மர்ஸ் என்ற பெரிய குழுமத்தின் கையில் இருக்கிறது. மைட்டர் 10 இந்த நாட்டுக் கூட்டுறவு. ஒவ்வொரு கடைக்கும் உள்ளூர்க்காரர் முதலாளி. அதனால்தான் 2021இல் பேர் மாறியபோது என் ஆபீசில் சிலர், 'போயும் போயும் நம் ரக்பிக்கு ஆஸ்திரேலியாக்காரன் பேரா' என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்களே சனிக்கிழமை அங்கேதான் வண்டியை நிறுத்தினார்கள் என்பது வேறு விஷயம்.

மைட்டர் 10 வேறு வழியில் போனது. 'டிரீம் ஹோம்' என்று வீடு புதுப்பிக்கும் போட்டி நிகழ்ச்சியே அதன் பேரில் டிவியில் வந்தது. வேலி போடுவது, தளம் போடுவது எப்படி என்று 'ஈசி ஆஸ்' என்ற பேரில் சின்னச் சின்ன வீடியோக்களும் போடுகிறார்கள். அதுவும் விளம்பரம்தான், ஆனால் உருப்படியான விளம்பரம். நான் பாதி வேலை கற்றது அதில்தான். ஐடிஎம் பெரும்பாலும் பில்டர்களுக்கு விற்கிறது, அதனால் பில்டர்கள் லீவு நாளில் எங்கே இருப்பார்களோ அங்கே போய் நிற்கிறது: கார் பந்தயம், மேட் வாட்சனின் மீன்பிடி நிகழ்ச்சி. தூண்டிலுக்கும் மரச்சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். படகு வைத்திருக்கிற பில்டர்களை எண்ணிப் பாருங்கள்.

விலை பற்றிய விளம்பரங்களை மட்டும் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். 'குறைந்த விலை வெறும் தொடக்கம்தான்' என்பது பன்னிங்ஸின் பழைய வாசகம், பாட்டாகவே மனதில் ஒட்டிக்கொள்ளும். அவர்கள் விலை விளம்பரம் மக்களைத் தவறாக நம்ப வைக்கிறது என்று இங்குள்ள வணிக ஆணையம் வழக்கே போட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதே பொருள் வேறு கடையில் குறைவாகக் கிடைத்தால் அதைவிடக் குறைத்துத் தருகிறோம் என்பதும் உண்மைதான், கேட்டால் தருவார்கள். ஆனால் 'அதே பொருள்' என்பதில்தான் சூட்சுமம். ஓசிட்டோ டிரில்லிங் மெஷின் பன்னிங்ஸில் மட்டும்தான் கிடைக்கும். வேறு எந்தக் கடை விலையோடு ஒப்பிடுவீர்கள்? எல்லாக் கடைகளும் இதைச் செய்கின்றன, ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். தெரிந்துகொண்டு போங்கள்.

இத்தனை விளம்பரத்திலும் கெட்டிக்காரத்தனமானது கடை வாசலில் இருக்கிறது. வாரக்கடைசியில் பன்னிங்ஸ் போனால் வாசலில் ஒரு கூடாரமும் புகையும் வெங்காயம் வதங்கும் வாசனையும் இருக்கும். பள்ளிக்கூடமோ விளையாட்டுக் கிளப்போ சாசேஜ் சுட்டு ரொட்டித் துண்டில் வைத்து விற்றுக்கொண்டிருக்கும். கடை இடமும் அடுப்பும் தருகிறது. சாசேஜும் ரொட்டியும் சங்கம் வாங்கிக்கொள்ள வேண்டும், வருகிற லாபம் சங்கத்துக்கு. எங்கள் தமிழ்ப் பள்ளிக்கும் ஒருமுறை தேதி கிடைத்தது. காலை எட்டு மணிக்கு நான்கு மாமிகள் சேர்ந்து வெங்காயம் நறுக்கியதைப் பார்த்துக் கடைக்காரரே வெளியே வந்து நின்றுவிட்டார், அவ்வளவு வேகம், அவ்வளவு பொடி. 'இவ்வளவு சின்னதாக வேண்டாம், பக்கம் வழியாகக் கொட்டிவிடும்' என்றார். கொட்டி வழுக்கும் என்பதற்காகவே 2018இல் ஆஸ்திரேலியக் கடைகளில் வெங்காயத்தைச் சாசேஜுக்கு அடியில் வைக்கச் சொன்னார்கள். அது தேசிய விவாதமாகி, பிரதமரிடம்கூட நிருபர்கள் கருத்துக் கேட்டார்கள். எந்த டிவி விளம்பரத்துக்கு இந்த மரியாதை கிடைக்கும், சொல்லுங்கள். (அநேகமாக மாட்டிறைச்சிச் சாசேஜாக இருக்கும். சாப்பிடாதவர் என்றால் ரொட்டியும் வெங்காயமும் மட்டும் கேளுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.)

அப்புறம், விளம்பரத்தை நம்பி நான் பட்டதையும் சொல்ல வேண்டும். குழாய் விவகாரத்துக்குப் பிறகு எனக்கும் வீரம் வந்துவிட்டது. ஒரு டிரில்லிங் மெஷின் வாங்கி, சமையலறையில் அலமாரிப் பலகை அடித்து, ஊரிலிருந்து வந்த எவர்சில்வர் தூக்குகளை வரிசையாக அடுக்கி, போட்டோ எடுத்து அம்மாவுக்கும் அனுப்பினேன். ராத்திரி இரண்டு மணிக்கு எல்லாம் தரையில். இங்கே சுவர் செங்கல் இல்லை, தம்பி. மரச்சட்டத்தின் மேல் ஜிப் போர்டு என்ற அட்டை மாதிரிப் பலகைதான். சட்டம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து அதில் திருகாணியை இறக்க வேண்டும். சும்மா போர்டில் இறக்கினால் காலி டப்பா நிற்கும், பருப்பு டப்பா நிற்காது. சட்டத்தைக் கண்டுபிடிக்கச் சின்னக் கருவி அதே கடையில் விற்கிறார்கள். அதற்கு விளம்பரம் வந்து நான் பார்த்ததில்லை.

நீங்கள் வாடகை வீட்டில் இருப்பதால் முதலில் வீட்டுக்காரருக்கு எழுதிக் கேளுங்கள். 2021இல் மாறிய சட்டப்படி, சின்ன மாற்றங்களுக்குத் தகுந்த காரணம் இல்லாமல் அவர் மறுக்க முடியாது. 21 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். காலி செய்யும்போது பழையபடி ஆக்கிவிட்டுப் போவது உங்கள் பொறுப்பு.

ஆபீஸ் பேச்சுக்கு இரண்டு விஷயம் போதும். ஒன்று, 2022இலும் 2024இலும் கோப்பை வெலிங்டனுக்கு. நடுவில் 2023இல் தாரனாக்கி. இன்னொன்று, ரான்ஃபர்லி கேடயம். கோப்பையைவிடப் பழையது, மரத்தால் ஆனது, செல்லமாக மரக்கட்டை என்றே கூப்பிடுவார்கள். வைத்திருக்கிற அணியை அதன் ஊரிலேயே தோற்கடித்துப் பறிக்க வேண்டும். 2023இல் வெலிங்டனிடமிருந்து அதைப் பறித்த ஹாக்ஸ் பே அணியின் கொண்டாட்டத்தில் கேடயம் இரண்டாக உடைந்துபோனது. போட்டிக்குப் பேர் கொடுத்த கடையிலேயே மரப்பசை வாங்கியிருக்கலாமே என்று நான் ஆபீசில் சொன்னேன். இத்தனை வருஷத்தில் நான் அடித்த ஜோக்குகளில் அங்கே எடுபட்டது அது ஒன்றுதான். வேண்டுமானால் நீங்களும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

போட்டி நடக்கும் மாதங்களையும் கவனியுங்கள். ஆகஸ்டில் சூடு பிடித்து அக்டோபர் கடைசியில் முடியும். அதாவது குளிர் விலகி, எல்லோரும் வேலிக்குப் பெயின்ட் அடிக்கவும் தோட்டம் போடவும் வெளியே வருகிற காலம். 2022, 2023, 2024 மூன்று இறுதி ஆட்டங்களும், இங்கே அக்டோபரில் வரும் லேபர் டே (தொழிலாளர் தினம்) லீவோடு சேர்ந்த சனிக்கிழமையில் நடந்தன. தக்காளி நடுவதற்கு இங்குள்ளவர்கள் நாள் குறித்து வைத்திருப்பது அந்த வாரக்கடைசியைத்தான்; நம்மூரில் ஆடிப்பட்டம் மாதிரி. அன்றைக்குக் கடை வாசலில் நாற்றுத் தட்டுகள் குவிந்து கிடக்கும். காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள், பதினொரு மணிக்கு வாடியதுதான் மிஞ்சும். தக்காளி நடலாம். கத்தரியும் மிளகாயும் வெலிங்டன் காற்றுக்குத் தாங்காது, இன்னும் ஒரு மாதம் ஜன்னல் ஓரத்திலேயே இருக்கட்டும். கறிவேப்பிலைக் கன்று இந்தக் கடைகளில் தேடி அலையாதீர்கள். என்னிடம் இரண்டு தொட்டி இருக்கிறது, வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள்.