மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாட்டைத் தவிர ஒன்றுமில்லை என்கிறார்களே, வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போனால் நிம்மதியாக இருக்குமா?

இருக்கும். தாராளமாகப் போய்விட்டு வாருங்கள். "ஆட்டைத் தவிர ஒன்றுமில்லை" என்று உங்களிடம் சொன்னவர் யாரோ தெரியாது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் உண்டு, என் நாத்தனார் வீட்டுக்காரர். அவர் சொன்னது இன்னும் காதில் இருப்பதால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முட்டி வலிக்கிற ஒரு பெரியவர், கொண்டை ஊசி வளைவு வந்தாலே வாந்தி எடுக்கிற ஒரு குழந்தை, 'அடுத்து எந்த பாயின்ட்' என்று கேட்டுக்கொண்டே வருகிற ஒரு ஆள். உங்கள் வண்டியிலும் இவர்கள் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நாங்கள் மே லீவில் உடுமலையிலிருந்து வேன் பிடித்து சின்னாறு, மறையூர் வழியாகப் போனோம். இந்த வழியில் மூணாறு டவுனுக்கு முன்பே பூங்கா வந்துவிடும்.

ஐந்தாம் மைல் என்ற இடத்தில் நம் வண்டியை நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து பூங்காவுக்குள் ராஜமலைக்கு வனத்துறை பஸ். "வேனுக்கும் வாடகை கொடுத்துட்டு இதுக்கும் டிக்கெட்டா?" என்று நாத்தனார் வீட்டுக்கார அண்ணன் அங்கேயே ஆரம்பித்துவிட்டார். எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. எல்லோருடைய வண்டியும் கீழே நிற்பதால் மேலே ஹாரன் இல்லை, பார்க்கிங் சண்டை இல்லை. பஸ் இறக்கிவிட்ட பிறகு ஒரே ஒரு தார் ரோடு. அதிலேயே ஏறி, அதிலேயே இறங்கி வர வேண்டும். ஏற்றம்தான், ஆனால் கடைசி வரை போனால்தான் ஆச்சு என்றில்லை. என் மாமியார் பாதி தூரம் மெதுவாக நடந்தார், போதும் என்று ஓரமாக உட்கார்ந்துவிட்டார். குழந்தைகள் பார்த்ததையெல்லாம் அவரும் அங்கிருந்தே பார்த்தார்.

அத்தை, அதாவது என் மாமியார், ஆடு மேய்த்து வளர்ந்தவர். வரையாட்டைப் பார்த்ததும், "நம்ம வெள்ளாடு மாதிரியேதான் இருக்குது அம்மணி, கொம்புதான் வேற" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "குட்டியோட நிக்கற ஆடு ஆளை இத்தனை கிட்ட விடுதே, எப்படி?" என்று கேட்டார். நல்ல கேள்வி. எஸ்டேட் காலத்தில் வெள்ளைக்காரத் துரைகள் தங்கள் வேட்டைக்காக வைத்திருந்த இடம் இது. கண்டவர்கள் உள்ளே வந்து சுடாமல் காவல் போட்டார்கள், அந்த மலையின் பழங்குடிகளான முதுவர்கள்தான் காவலாளிகள். 1971இல் அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது, 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா. பல தலைமுறையாகத் துரத்துவார் இல்லாமல் வளர்ந்த ஆடுகள் ரோட்டோரத்தில் நின்று மேய்வதில் ஆச்சரியமில்லை. மொத்தம் 97 சதுர கிலோமீட்டர், நமக்குத் திறந்திருப்பது ஒரு மூலைதான். முதுகில் வெள்ளி பூசினாற்போல இருந்த ஒரு பெரிய கிடா எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அம்மா, இது நம்ம ஸ்டேட் அனிமல்" என்று பையன் கத்தினான். அப்புறம் குட்டிகள் பாறையில் தாவுவதையே எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். வாந்தி எடுத்த குழந்தை உட்பட. அண்ணன் மட்டும் போனில் டவர் தேடினார்.

கேரள வனத்துறைக்கு விளம்பரம் செய்கிறேன் என்று சிலர் கமென்ட்டில் வருவார்கள். நம் நீலகிரியின் முக்குர்த்தி பூங்காவிலும் வரையாடு உண்டு, எனக்கும் தெரியும். ஆனால் நினைத்த நேரத்தில் குழந்தைகளோடு அங்கே போய்விட முடியாது. இன்னொன்று, மஞ்சு இறங்கிவிட்டால் ஆனைமுடியும் தெரியாது, ஆடும் தெரியாது. 2,695 மீட்டர் மலை எதிரிலேயே இருக்கும், நமக்கு வெள்ளையாகத்தான் தெரியும். உங்களுக்கு அப்படி அமைந்தால் என்னைத் திட்டாதீர்கள். காலையில் சீக்கிரம் போனால் வாய்ப்பு அதிகம். குட்டி போடும் காலமென்று பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவார்கள், விசாரித்துவிட்டு ரூம் போடுங்கள். ராஜமலையில் நீலக்குறிஞ்சி காட்டுகிறேன் என்று இப்போது யாராவது பேக்கேஜ் விற்றால் நம்பாதீர்கள். கடைசியாக 2018இல் பூத்தது, இனி 2030தான்.

பூங்காவைப் பற்றி இவ்வளவுதான். எங்கள் நிம்மதி கெட்டது வெளியே வந்த பிறகு. வேன் டிரைவர் கேட்காமலே ஒரு ஸ்பைசஸ் கடையில் கொண்டுபோய் நிறுத்தினார். கமிஷன்தான், வேறென்ன. டீ குடிக்க நிறுத்துங்கள் என்று அத்தை கேட்டபோது 'லேட் ஆகும்' என்ற அதே டிரைவர், அங்கே சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டார். கடைக்குள் ஒரு பெண் வரிசையாக ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். இரவிகுளம் டிக்கெட் காசு தண்டம் என்று வழியெல்லாம் புலம்பிய அண்ணன், பெரிய பொட்டலமாக ஏலக்காய் வாங்கிக்கொண்டு பெருமையாக வந்தார். அவர் வீடு இருப்பது போடியில். ஏலக்காய் ஏலம் நடக்கிற ஊர்! நாத்தனார் என் முகத்தைப் பார்த்தார், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எனவே வண்டி பேசும்போதே 'கடையில் நிறுத்தக்கூடாது' என்று சொல்லிவிடுங்கள். பூங்கா டிக்கெட்டை ஆன்லைனில் நேரம் குறித்து எடுத்துவிடுங்கள், பெரியவர்கள் வரிசையில் நிற்க வேண்டியிருக்காது. மே மாதமானாலும் ஸ்வெட்டர், குடை இரண்டும் வேண்டும். அன்றைக்கு வேறு எந்த பாயின்ட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டு 'அடுத்து எங்கே' ஆளை என்ன செய்வது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். எங்கள் வீட்டு ஆள் அடுத்த லீவுக்கு வாட்டர் தீம் பார்க் என்று முடிவே செய்துவிட்டார்.