வீட்டை அடகு வைத்து மருத்துவம் வேண்டாம்; சாலைக்கு அடியில் ஒரு படிப்பு இருக்கிறது

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்துவிட்டாள். இயற்பியலிலும் கூடுதல் கணிதத்திலும் ஏ, உயிரியலில் பி. பினாங்கில் இருக்கும் தாய்மாமன் மருத்துவம்தான் என்று ஒரே பிடியாக நிற்கிறார். தனியார் கல்லூரியில் இடம் வாங்கித் தர ஒரு ஏஜெண்டையும் பிடித்துவிட்டாராம். தகப்பனார் லாரி ஓட்டுகிறார். அவருடைய ஓய்வுக்காலச் சேமநிதியான இபிஎப் பணத்தை எடுத்துவிட்டு, மீதிக்கு ரவாங்கில் உள்ள வீட்டை அடகு வைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. மகள் எதற்கும் பதில் சொல்வதில்லை. பழைய ரேடியோவைப் பிரித்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அம்மா, உங்கள் மகளின் தேர்ச்சி நல்ல தேர்ச்சி. அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. இனி நான் சொல்லப்போவது உங்கள் அண்ணனுக்குப் பிடிக்காது.

உயிரியலில் பி வந்ததால் மருத்துவத்துக்குத் தகுதி வந்துவிட்டது என்கிறார் ஏஜெண்ட். வாசலைத் தாண்டும் அளவுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். அவளுக்கு எந்தப் பாடத்தில் கை தானாக ஓடுகிறது என்று யாராவது கேட்டீர்களா? ஃபவுண்டேஷன் ஒரு வருடம், படிப்பு ஐந்து வருடம், மருத்துவமனையில் ஹவுஸ்மன் பயிற்சி இரண்டு வருடம். தனியார் கல்லூரி என்றால் செலவு சில லட்சம் ரிங்கிட். 2016 இறுதியிலிருந்து அரசு மருத்துவமனைகள் புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுத்தன. 2021 ஜூலை 26 அன்று அந்த இளம் டாக்டர்கள் வேலையை விட்டு வெளியே வந்து நின்றதை நாடே பார்த்தது. அதன் பிறகு நிரந்தர இடங்கள் திறந்தன என்பது உண்மை. ஆனாலும் விருப்பமில்லாத ஒரு பிள்ளையை, அப்பாவின் ஓய்வுக்காலப் பணத்தின்மேல் ஏற்றி அந்த வரிசையில் நிற்க வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீட்டு கிராண்டை, அதாவது வீட்டுப் பத்திரத்தை, வங்கியில் வைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

கணக்கியல், ஐடி, தாதியர் படிப்பு பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல ஊரே இருக்கிறது. யாரும் சொல்லாத ஒன்றைப் பேசுகிறேன். நிலத்துக்கு அடியில் புதைந்திருக்கும் கேபிளையும் குழாயையும் தோண்டாமலே கண்டுபிடித்து வரைபடமாக்கும் வேலை. இதற்கான படிப்பு ஜியோமெட்டிக்ஸ், அதாவது நில அளவை.

கோலாலம்பூரில் எந்தச் சாலையை எடுத்துக்கொண்டாலும் அதன் அடியில் மின்சார நிறுவனமான டிஎன்பியின் மின்கேபிள், தண்ணீர்க் குழாய், டெலிகாமின் ஃபைபர், கழிவுநீர்க் குழாய், சில இடங்களில் எரிவாயுக் குழாய் என்று அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. பல பத்தாண்டுகளுக்கு முன் புதைத்ததும் உண்டு, போன வருடம் புதைத்ததும் உண்டு. பழைய வரைபடத்தில் இருக்கிற இடம் ஒன்று, மண்ணில் கிடக்கிற இடம் வேறு. மண் தோண்டும் பேக்ஹோவின் வாளி தவறான இடத்தில் இறங்கினால் ஒரு தாமான், அதாவது ஒரு குடியிருப்புப் பகுதி முழுக்கத் தண்ணீர் வராமல் போகும். மின்கேபிள் என்றால் ஓட்டுபவர் உயிருக்கே ஆபத்து. 2024 ஆகஸ்ட் 23 அன்று ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண் உள்ளே போய்விட்டார். அவரைத் தேடியபோது நிலத்தை ஊடுருவும் ரேடாரையும் கொண்டுவந்தார்கள். கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் மக்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

கையில் எடுத்துப்போகும் கருவிகள் முக்கியமாக இரண்டு. முதலாவது கேபிள் லொக்கேட்டர். கைப்பிடி வைத்த நீளமான ரிசீவர் ஒன்று, சிறு பெட்டி அளவில் டிரான்ஸ்மிட்டர் ஒன்று. மின்சாரம் ஓடும் கேபிளைச் சுற்றி 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் இருக்கும். ரிசீவர் அதைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். ஆனால் கேபிளில் லோடு இல்லாவிட்டால் சத்தமே வராது. அதை நம்பி "இங்கே ஒன்றுமில்லை" என்று சொல்பவர்தான் ஆபத்தானவர். அதனால் டிரான்ஸ்மிட்டரின் வயரைத் தெரிகிற இடத்தில் குழாயிலோ கேபிள் உறையிலோ மாட்டி, எர்த் கம்பியை மண்ணில் குத்தி, நாமே ஒரு சிக்னலை அனுப்பவேண்டும். மாட்ட இடமில்லை என்றால் கேபிளைச் சுற்றிக் கவ்வும் கிளாம்ப் இருக்கிறது. அதுவும் முடியாவிட்டால் டிரான்ஸ்மிட்டரைத் தரையில் வைத்துத் தூண்டலாம். குறைந்த அதிர்வெண் தூரம் போகும், பக்கத்துக் கேபிளுக்கு அதிகம் தாவாது. 33 கிலோஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அதிர்வெண் எளிதில் ஏறும். அதே எளிமையில் பக்கத்தில் கிடப்பதிலும் ஏறிவிடும். எங்கே எதைப் போடுவது என்பதில்தான் ஆளின் அறிவு இருக்கிறது.

திரையில் ஆழம் வரும். அதை அப்படியே எழுதிக்கொள்பவர் நல்ல தொழிலாளி அல்ல. அனுபவசாலிகள் ரிசீவரை 30 சென்டிமீட்டர் உயர்த்திப் பார்ப்பார்கள். ஆழமும் அதே 30 கூடினால் சரி. கூடவில்லை என்றால் பக்கத்துக் கேபிள் சிக்னலைக் கோணலாக்குகிறது என்று அர்த்தம். பிளாஸ்டிக் குழாய் இந்தக் கருவிக்கு ஊமை. அதற்குள் சோண்ட் என்ற சின்ன டிரான்ஸ்மிட்டரைக் கம்பியில் கட்டி உள்ளே தள்ளி, அது நகர்வதை மேலிருந்து பின்தொடர வேண்டும்.

உள்ளே போக வழியில்லாத பிளாஸ்டிக் குழாய்க்கு இரண்டாவது கருவி: ஜிபிஆர் எனும் நிலத்தடி ரேடார். குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டி போல நான்கு சக்கரத்தில் இருக்கும். அடியில் உள்ள ஆன்டெனா மண்ணுக்குள் ரேடியோ அலையை அனுப்பும், எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கும். மண்ணில் அலையின் வேகம் நானோ வினாடிக்குச் சுமார் 0.1 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரொலி 20 நானோ வினாடியில் வந்தால், போக வர 2 மீட்டர், ஆழம் 1 மீட்டர். உங்கள் மகள் எஸ்பிஎம் தாளில் போட்ட கணக்குதான் இது. வண்டி ஒரு குழாயைக் குறுக்கே கடக்கும்போது திரையில் கவிழ்ந்த வளைவு ஒன்று விழும். அதன் உச்சியில் குழாய். வளைவின் விரிவை வைத்து அந்த இடத்து மண்ணில் அலை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கணக்கிட்டு, ஆழத்தைத் திருத்துவார்கள்.

நம் ஊரில் இது சுலபமல்ல. சாயங்கால மழை கொட்டிய பிறகு ஈரக் களிமண் அலையைக் குடித்துவிடும். அரை மீட்டருக்குக் கீழே திரை வெறுமையாகிவிடுவதும் உண்டு. கல், வேர், பழைய கான்கிரீட் எல்லாம் எதிரொலி தரும். எது குழாய், எது வேர் என்று பிரிக்கத் தெரிந்த கண்ணுக்குத்தான் மதிப்பு. கருவியை வாடகைக்கு எடுத்துவிடலாம். அந்தக் கண்ணை வாடகைக்கு எடுக்க முடியாது.

அப்புறம் பிடித்த ஒவ்வொரு புள்ளியையும் செயற்கைக்கோள் வழி இடம் காட்டும் ஜிஎன்எஸ்எஸ் அல்லது கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் வைத்து ஆயத்தொலைவாக்கி வரைபடத்தில் ஏற்றவேண்டும். இதற்கென்று நில அளவை இலாகாவான ஜூபெம் 2006-இல் வழிகாட்டி வெளியிட்டது. நிலத்தடிக் கேபிள், குழாய்களுக்கான பாடு என்ற தேசியத் தரவுத்தளத்தையும் அதுவே வைத்திருக்கிறது. தரம் டி, சி, பி, ஏ என்று நான்கு. பழைய பதிவை மட்டும் பார்த்து வரைந்தால் டி. மேன்ஹோல் மூடி, வால்வு போலக் கண்ணுக்குத் தெரிவதை அளந்து சேர்த்தால் சி. நான் சொன்ன கருவிகளால் தேடினால் பி. சிறு குழி தோண்டி நேரில் பார்த்து அளந்தால்தான் ஏ. இந்த வேலையில் நேர்மை என்பது, பி தரத்தில் உள்ளதை ஏ என்று எழுதாமல் இருப்பது. "கண்டுபிடிக்க முடியவில்லை" என்று வரைபடத்திலேயே எழுதும் துணிவும் வேண்டும், காண்டிராக்டர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். வெயில் உண்டு, சாலையை அடைத்துச் செய்யும் இரவு வேலை உண்டு. களத்தில் பெண்கள் குறைவு. கட்டுமான இடத்துக்குள் நுழைய, கட்டுமானத் தொழில் வாரியமான சிஐடிபியின் கார்டு வேண்டும். மேன்ஹோலுக்குள் இறங்குவதற்குத் தனிப் பாதுகாப்புப் பயிற்சி வேண்டும், அதில்லாமல் யார் சொன்னாலும் இறங்கக்கூடாது. தொடக்கச் சம்பளம் உறவுக்காரர்களிடம் பெருமையடிக்கும் அளவுக்கு இருக்காது. "படிச்ச பொண்ணு ரோட்டுல நிக்கணுமா?" என்று உங்கள் அண்ணன் கேட்பார். நிற்கட்டும் அம்மா. அவள் நிற்கும் இடத்துக்குப் பிறகுதான் பேக்ஹோ வரும்.

வழி இதுதான். சில அரசு பாலிடெக்னிக்குகளில் ஜியோமெட்டிக்ஸ் டிப்ளமா இருக்கிறது. விண்ணப்பம், அரசு உயர்கல்விக்கான யுபியு இணையத்தளம் வழியாக. கட்டணம் ஒரு செமஸ்டருக்குச் சில நூறு ரிங்கிட், தங்குமிடமும் சாப்பாடும் தனி. அதை நன்றாக முடித்தால், அல்லது ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் வழியாக, ஜொகூர் ஸ்கூடாயில் உள்ள யுடிஎம் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு முயலலாம். யுஐடிஎம்மிலும் இந்தப் பாடம் உண்டு, ஆனால் அது மலாய்க்காரர்கள் உள்ளிட்ட பூமிபுத்ராக்களுக்கானது. அங்கே விண்ணப்பித்து நாளை வீணாக்கவேண்டாம். பட்டத்துக்குப் பிறகு அனுபவமும் தேர்வும் முடித்து, நில அளவையாளர் வாரியத்தின் உரிமம் வாங்கினால் சொந்த நிறுவனமே நடத்தலாம். இபிஎப்பில் கைவைக்கத்தான் வேண்டும் என்றால் கல்விக்கு அனுமதித்த அளவோடு நிறுத்துங்கள். சில நாள் கோர்ஸ் படித்தால் ஜிபிஆர் நிபுணர் என்று சான்றிதழ் விற்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள். கருவியும் வாங்காதீர்கள்.

இதெல்லாம் அவளுக்குப் பிடித்தால்தான். பிடிக்குமா என்று பார்க்கக் காசு வேண்டாம். ஒரு ஞாயிறு காலை பிரிக்பீல்ட்ஸ் போங்கள். ஜாலான் துன் சம்பந்தனில் நடைபாதையோரம் உள்ள மூடிகள், வால்வுகள், மின்பெட்டிகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறிக்கச் சொல்லுங்கள். எது எதோடு கீழே சேர்ந்திருக்கும் என்று அவளே கோடு போடட்டும். சாலைக்குள் இறங்காமல், நடைபாதையிலிருந்தே. அரை மணி நேரத்தில் சலித்துப்போனால் இந்தப் படிப்பை விட்டுவிடலாம், வேறு ஒன்றைப் பார்ப்போம். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வராமல் இன்னொரு மூடியைத் தேடிக்கொண்டிருந்தால், யுபியு கடைசித் தேதிக்குள் என்னிடம் வாருங்கள். ஏஜெண்டிடம் முன்பணம் எதுவும் கட்டிவிடாதீர்கள். வரும்போது அந்தத் தாளோடு அவளையும் அழைத்து வாருங்கள். அன்றைக்கு மாமா வேண்டாம். அவள் பேசுவதை நான் முதலில் கேட்கவேண்டும்.