ஆறு ஏர்பேக் உள்ள காரில் ஊருக்குள் ஓட்டும்போதும் சீட் பெல்ட் போட வேண்டுமா? பின்சீட்டுக்கும் அவசியமா?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: புது காரில் ஆறு ஏர்பேக் இருக்கிறது, ஊருக்குள் 40, 50 வேகத்துக்கு மேல் போவதில்லை, முன்சீட்டில் மனைவி மடியில் எட்டு மாதக் குழந்தை, பின்சீட்டில் அப்பா, அம்மா. அப்பாவிடம் ஒரு பழைய காரும் உண்டு.

வண்டியில் இருக்கும் ஐந்து பேருக்கும் பாதுகாப்பு வேண்டும்: பெரியவர்களுக்குப் பெல்ட், குழந்தைக்கு அதற்கான இருக்கை. ஆனால் அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. குழந்தையை முன்சீட்டு மடியில் வைத்துப் போவதை இன்றைக்கே நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அதற்கு அடுத்துதான்.

ஸ்டீயரிங் நடுவிலும் டேஷ்போர்டிலும் 'எஸ்ஆர்எஸ்' என்று பொறித்திருக்கும். அதில் முதல் எழுத்துக்குப் பொருள் 'துணை'. ஏர்பேக், பெல்ட்டுக்குத் துணையாக வடிவமைத்த பொருள். பெல்ட் உங்களை இருக்கையோடு பிடித்து வைத்திருக்கும் என்ற கணக்கில்தான் பையின் அளவு, விரியும் வேகம், காற்று வெளியேறும் துளைகள் எல்லாவற்றையும் முடிவு செய்கிறார்கள். மோதிய 15, 20 மில்லி நொடிக்குள் கட்டுப்பாட்டுப் பெட்டி 'விரி' என்று முடிவெடுக்கும். அடுத்த 30 மில்லி நொடியில் பை நிரம்பிவிடும். நிரம்பிய உடனேயே பின்புறத் துளைகள் வழியாகக் காற்று இறங்கத் தொடங்கும். உங்கள் முகம் வந்து சேரும்போது பை நிரம்பி, இளகிக்கொண்டிருக்க வேண்டும். பெல்ட் இல்லாவிட்டால், மோதுவதற்கு முன் பிரேக் அழுத்தும்போதே உடல் முன்னால் சரிந்துவிடும். அப்போது முகம் சந்திப்பது மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் வெளியே பாய்ந்துகொண்டிருக்கும் பையை. கழுத்தையும் மார்பையும் அதுவே முறிக்கும்.

50 கிலோமீட்டர் வேகம் குறைவு என்று தோன்றுவது இயல்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வேகத்தில் சுவரில் மோதுவதும் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து தரையில் விழுவதும் ஒன்றே. காரின் மூக்குப் பகுதி 60 சென்டிமீட்டர் நசுங்கி வேகத்தை உறிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டாலும், உள்ளே இருப்பவர் மீது சராசரியாக அவர் எடையைப் போல 16 மடங்கு விசை விழும். எட்டு கிலோ குழந்தை அந்த நொடியில் 130 கிலோ மூட்டையாகிறது. உச்ச விசை இதைவிடவும் அதிகம். எந்தத் தாயின் கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. முன்சீட்டு மடியில் இருந்தால் குழந்தை ஏர்பேக்குக்கும் தாய்க்கும் நடுவில் சிக்கும். தாயையும் குழந்தையையும் சேர்த்து ஒரே பெல்ட்டில் கட்டினால் தாயின் எடை முழுவதும் குழந்தை மேல் இறங்கும்.

'பெல்ட் போடாவிட்டால் ஏர்பேக் விரியாது' என்று பலர் சொல்வார்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் விதி இல்லை அது. பல வண்டிகளில், பெல்ட்டின் நுனியைச் செருகும் பக்கிளுக்குள் ஒரு சுவிட்ச் இருக்கிறது. பெல்ட் மாட்டியிருக்கிறதா என்பதை அது கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லும். அந்தத் தகவலை வைத்து என்ன செய்வது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் மாறும். பெல்ட் போடாதவருக்கு இரண்டு வழியிலும் ஆபத்துதான். விரியாவிட்டால் ஸ்டீயரிங்கில் மோதுவார், விரிந்தால் பையே அடிக்கும். இதனால்தான் பீப் சத்தத்தை நிறுத்த பெல்ட் இல்லாத வெறும் கிளிப்பை மட்டும் பக்கிளில் மாட்டி வைப்பது மிக மோசமான பழக்கம். பெல்ட் போட்ட ஆள் இருக்கிறார் என்று வண்டியை நம்ப வைக்கிறீர்கள். இந்தக் கிளிப்களை விற்றதற்காக ஐந்து பெரிய இணைய வணிகத் தளங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் உத்தரவு போட்டு, விற்பனைப் பட்டியலிலிருந்தே எடுக்க வைத்தது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். முன்பக்க ஏர்பேக் எல்லா விபத்திலும் விரியாது. பின்னாலிருந்து இடித்தால் விரியாது. லேசான மோதலில் விரியாது. நம் நெடுஞ்சாலைகளில் அடிக்கடி நடக்கும் விபத்து, நிற்கும் லாரியின் பின்னால் போய்ச் செருகுவது. பானெட் லாரிக்கு அடியில் நுழைந்துவிடும். சென்சாரும் வண்டியின் உறுதியான சட்டகமும் இருக்கும் உயரத்தில் நேரான அடி விழாததால் பை தாமதமாக விரியலாம், விரியாமலும் போகலாம். வண்டி உருண்டால் ஆளை வெளியே தூக்கி எறியாமல் காப்பது முக்கியமாகப் பெல்ட்தான்.

சரி, எப்படிப் போடுவது? 'கிளிக்' சத்தம் கேட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பெல்ட் எந்த எலும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம். கீழ்ப்பட்டை வயிற்றில் இருக்கக் கூடாது. தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில், இரண்டு பக்க இடுப்பெலும்பைத் தொட்டுக்கொண்டு படிய வேண்டும். புடவை கட்டியிருந்தால் கொசுவம் செருகிய மொத்தைக்குக் கீழே பட்டையை இறக்குங்கள். மேல்பட்டை தோள்பட்டை எலும்பின் நடுவில் தொடங்கி நெஞ்செலும்பின் குறுக்கே போக வேண்டும். கழுத்தை உரசுகிறது என்று அக்குளுக்குக் கீழே விடுவதும், முதுகுக்குப் பின்னால் தள்ளுவதும் வேண்டாம். அக்குள் வழியாகப் போனால் விசை முழுவதும் விலா எலும்பில் இறங்கி, உள்ளே கல்லீரலையோ மண்ணீரலையோ கிழிக்கும். கழுத்தை உரசினால் கதவுத் தூணில் இருக்கும் உயரம் மாற்றும் கொக்கியைக் கீழே இறக்குங்கள். அது இல்லாத வண்டியில் இருக்கையை உயர்த்தியோ சற்றுப் பின்னால் நகர்த்தியோ பாருங்கள். கடைசியாக, மாட்டியதும் மேல்பட்டையை மேல்நோக்கி ஒரு இழு இழுங்கள். கீழ்ப்பட்டையின் தொய்வு போய்விடும். பட்டையில் முறுக்கு இருக்கக் கூடாது. அகலமாகப் பரவ வேண்டிய விசை கயிறு மாதிரி ஒரே கோட்டில் அறுக்கும்.

கர்ப்பிணிகளுக்குப் பெல்ட் ஆகாது என்பது தவறு. கீழ்ப்பட்டை வயிற்று மேட்டுக்கு அடியில், மேல்பட்டை மார்புகளுக்கு நடுவில் இறங்கி மேட்டின் பக்கவாட்டில். மேட்டின் குறுக்கே மட்டும் போகவே கூடாது.

நீண்ட பயணத்தில் இருக்கையைச் சாய்த்துத் தூங்குவது பெல்ட்டின் வேலையைக் கெடுத்துவிடும். மேல்பட்டை உடம்பை விட்டு விலகி நிற்கும். மோதும்போது உடல் கீழ்ப்பட்டைக்கு அடியில் வழுக்கி, பட்டை வயிற்றுக்கு ஏறிக் குடலை நசுக்கும். வழுக்கும் தலையணை, மெத்தை போட்டு உட்கார்ந்தாலும் இதே கதை. டேஷ்போர்டில் கால் நீட்டினால், விரியும் பை முழங்காலை முகத்துக்கே திருப்பி அடிக்கும், இடுப்பு மூட்டு கழன்றுவிடும்.

ஓட்டுபவர் தன் நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங் நடுப்பகுதிக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர் விட வேண்டும். பெருவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை விரித்த ஒரு சாணை விடக் கொஞ்சம் கூடுதல். உயரம் குறைந்தவர்கள் பெடலுக்காக நெருங்கி உட்காருவதால் இதில் கவனம் கூடுதலாக வேண்டும். இருக்கையைப் பின்னால் தள்ளிவிட்டு முதுகுச் சாய்வை நிமிர்த்தினால் பெரும்பாலும் சரியாகும். ஸ்டீயரிங்கை முகத்தைப் பார்த்து இல்லாமல் நெஞ்சைப் பார்த்து இருக்கும்படி தாழ்த்துங்கள். கைகள் கடிகாரத்தின் 9, 3 இடங்களில். உச்சியில் ஒற்றைக் கை வைத்து ஓட்டினால் பை அந்தக் கையையே முகத்தில் வீசும்.

இப்போது பின்சீட்டு. முதலில் பக்கிள் இருக்கிறதா என்று பாருங்கள். சீட் கவர் போடும் கடைகளில் பின்சீட்டு பக்கிள்களை இருக்கைக்கு அடியில் அமுக்கிவிட்டு மேலே கவரை இழுத்துக் கட்டிவிடுவது சர்வசாதாரணம். வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது. இருக்கை இடுக்கில் கைவிட்டு மூன்றையும் வெளியே எடுங்கள். கவரில் அவற்றுக்குத் துளை இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 138 முன்னோக்கிய பின்சீட்டுக்கும் பெல்ட்டைக் கட்டாயமாக்குகிறது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி அபராதம் 1,000 ரூபாய். ஆனால் அபராதத்துக்காகச் சொல்லவில்லை. பெல்ட் போடாத 65 கிலோ அப்பா மேலே சொன்ன மோதலில் ஒரு டன் எடையோடு உங்கள் இருக்கையின் முதுகில் வந்து விழுவார். நீங்கள் போட்ட பெல்ட்டும் அப்போது உங்களைக் காக்காது. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே டாடா குழும முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தது விலையுயர்ந்த, ஏர்பேக்குகள் நிறைந்த காரில். பின்சீட்டில் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை என்றது காவல்துறை. பெல்ட் அணியாததால் இறந்தவர்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022க்குத் தந்த எண்ணிக்கை 16,715. அதில் ஏறக்குறைய பாதிப் பேர் பயணிகள்.

எட்டு மாதக் குழந்தைக்கு வேண்டியது பின்பக்கம் பார்த்து அமரும் குழந்தை இருக்கை. அதைப் பின்சீட்டில் வையுங்கள். அந்த வயதில் தலை கனம், கழுத்துத் தசையும் எலும்பும் இன்னும் இறுகவில்லை. பின்பக்கம் பார்த்து இருந்தால் மோதலின் விசை முதுகு முழுவதும் பரவும். குறைந்தது 15 மாதம் வரை, இருக்கையின் அளவு இடம் கொடுத்தால் அதற்கு மேலும் அப்படியே வையுங்கள். ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் அந்த இருக்கையை ஒருபோதும் வைக்கக் கூடாது. பை நேராக அதன் முதுகில் அடிக்கும். முன்சீட்டுச் சன்வைசரில் இதற்கான எச்சரிக்கைப் படமே ஒட்டியிருக்கும். வாங்கும்போது இந்தியத் தரமான ஏஐஎஸ்-072, அல்லது ஐ.நா. தரமான ஆர்44, ஆர்129 முத்திரை பாருங்கள். உங்கள் காரின் பின்சீட்டு இடுக்கில் ஐசோஃபிக்ஸ் வளையங்கள் இருந்தால் அதில் பூட்டுவது எளிது, தவறும் குறைவு. பூட்டியதும் அடிப்பாகத்தைப் பிடித்து ஆட்டினால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. குழந்தையின் வார், பின்பக்கம் பார்த்த நிலையில், தோள் மட்டத்திலோ சற்றுக் கீழோ உள்ள துளையிலிருந்து வர வேண்டும். தோள் எலும்பருகே வாரைக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும். கனமான சால்வையை வாருக்கு மேலே போர்த்துங்கள், உள்ளே வேண்டாம். முதல் வாரம் குழந்தை அழும். நிறுத்தி, இறக்கி, சமாதானப்படுத்தி மறுபடி உட்கார வையுங்கள். ஓடும் வண்டியில் மடிக்கு மாற்ற வேண்டாம்.

ஏர்பேக் விரியும் பாதையில் எதுவும் இருக்கக் கூடாது. பயணியின் எதிரே டேஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார், வாசனைக் குப்பி, ஃபோன் தாங்கி எல்லாமே பை வெடித்து வரும்போது எறிபொருள்கள். சாமி படத்தை நடுக் கன்சோலில், கியர் அருகே வைத்துக்கொள்ளலாம். இருக்கையின் வெளிப்பக்க ஓரத்தில் 'ஏர்பேக்' என்று துணிச் சீட்டு தைத்திருந்தால் பக்கவாட்டுப் பை அங்கே இருக்கிறது. அந்த இடத்தில் திறந்த அல்லது எளிதில் கிழியும் தையல் உள்ள கவர் மட்டுமே போட வேண்டும். முழுதாக மூடும் ரெக்சின் கவர் பையை அமுக்கிவிடும். கூரையோரக் கொக்கியில் ஹேங்கரோடு சட்டை மாட்டாதீர்கள், பக்கக் கண்ணாடியை மறைத்து விரியும் திரைப் பை அங்கிருந்துதான் இறங்குகிறது. முன்னால் இரும்பு பம்பர் கார்டு போடும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். நசுங்க வேண்டிய பகுதியை நசுங்க விடாமல் அடியை வண்டியின் சட்டகத்துக்கு நேராகக் கடத்தும், சென்சாரின் கணக்கும் மாறிவிடும்.

அப்பாவின் பழைய காருக்கு: சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு, விபத்தில் பை விரியாமல் போகலாம். எரியவே இல்லையென்றால் அதைவிடச் சந்தேகப்படுங்கள். விரிந்துபோன பையை மாற்றாமல், விளக்கின் இணைப்பைத் துண்டித்து விற்ற வண்டியாக இருக்கலாம். ஹார்னும் சேர்ந்து வேலை செய்யவில்லை என்றால் ஸ்டீயரிங்குக்குள் ஹார்னுக்கும் ஏர்பேக்குக்கும் மின் இணைப்பு தரும் சுருளான கிளாக் ஸ்பிரிங் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். முன்சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் தளர்ந்தாலும் விளக்கு எரியும். மஞ்சள் நிறம் என்றால் ஏர்பேக் சுற்று. அதில் டெஸ்டர், மல்டிமீட்டர் எதையும் வைக்க விடாதீர்கள், அந்தச் சிறு மின்சாரத்திலும் பை வெடிக்கலாம்.

பெல்ட்டை மெதுவாக இழுத்தால் வர வேண்டும், வெடுக்கென இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும். முழுதாக வெளியே இழுத்து நூல் பிரிவு, தீய்ந்த தழும்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அழுக்கால் சுருள மறுத்தால் இளஞ்சூட்டு நீரும் மென்மையான சோப்பும் போதும், பிளீச் இழைகளை அரிக்கும். காயும்வரை சுருள விடாதீர்கள். பெரிய விபத்தில் ஒருமுறை வேலை செய்த பெல்ட்டும், மோதும்போது பெல்ட்டை இறுக்கும் பிரிடென்ஷனர் ஒருமுறை வெடித்து இழுத்துவிட்டால் அதுவும் மறுபடி உதவாது. பெல்ட்டின் அடிச்சீட்டில் அச்சிட்ட தயாரிப்பு மாதம் காரின் வயதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். புதிதாக இருந்தால் எதற்காக மாற்றினார்கள் என்று விற்றவரிடம் கேளுங்கள்.

சென்னையில் 2015 வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ மூழ்கிய வண்டியா என்பதும் பெல்ட்டிலேயே தெரியும். சுருளும் பெட்டி கதவுத் தூணின் அடியில் இருப்பதால், பட்டையின் கடைசி அரை மீட்டரில் சேற்றுக் கோடு அப்படியே தங்கியிருக்கும். ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் பெரும்பாலும் நடுக் கன்சோலுக்கு அடியில், தரையை ஒட்டித்தான் இருக்கிறது. கோடு தெரிந்தால் நிறுவன சர்வீஸ் மையத்தில் ஸ்கேனர் போட்டு அந்தப் பெட்டியைச் சோதிக்கச் சொல்லுங்கள். அப்படியே சேசிஸ் எண்ணைக் கொடுத்து டகாடா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் குறைபாடுள்ள ஏர்பேக்குகளைத் திரும்பப் பெறும் பட்டியலில் வண்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்தப் பைகளை விரிக்கும் வெடிபொருள் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டுப்போகும், கடற்கரை ஊர்களுக்கு ஆபத்து கூடுதல். பட்டியலில் இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள்.