மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும்: கேள்வி பதில்

தூத்துக்குடி மாவட்டத்துக் கொற்கையில் இன்று வயலும் குளமும்தான் இருக்கின்றன. அங்கே துறைமுகம் இருந்தது நிஜமா, ஐயா?

நிஜம்தான். தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கரை கிழக்கே நகர்ந்துவிட்டது. இப்போது கடல் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 1968-69இல் நடந்த அகழாய்வில் கிடைத்த கரித்துண்டுக்குக் காலம் கி.மு. 785 என்று கணித்தார்கள். அறுத்த சங்குத் துண்டுகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. எனக்கு அவைதான் முக்கியம். காரணம் கீழே வரும்.

முத்துக் குளித்தவர்கள் கைதிகள் என்கிறார்களே, அண்ணாச்சி?

பெரிப்ளூஸ் என்ற கிரேக்க வணிகக் குறிப்பில் அப்படி இருக்கிறது, தம்பி. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. பாண்டியனின் கொற்கையில் தண்டனை பெற்றவர்கள் முத்தெடுத்தார்கள் என்கிறது. கைதிகளையும் இறக்கியிருக்கலாம். ஆனால் பார், அதாவது கடலடியில் சிப்பி விளையும் திட்டு, எங்கே, நீரோட்டம் எப்படி என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கடலில் கிடந்தவர்களுக்குத்தான் தெரியும். அகநானூற்றில் ஒரு பாட்டில், வலம்புரிக்கு மூழ்கிய பரதவர் சங்கு முழங்கத் திரும்பி வருகிறார்கள்; கொற்கை ஆரவாரத்தோடு எதிர்கொள்கிறது. அந்தப் பெருமிதம் தண்டனைக்குக் குளித்தவர்களுடையது அல்ல.

கருவி எதுவும் இல்லாமல் எப்படி இறங்கினார்கள்? சுறாவுக்குப் பயமில்லையா?

கல்தான் கருவி. கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு கயிற்றை விட்டால் கல்லே தரைக்கு இழுத்துப் போய்விடும். ஆள் இறங்கியதும் தோணியில் இருப்பவர் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். கீழே இருப்பவர் கைக்கு எட்டிய சிப்பியை எல்லாம் வலைப்பையில் அள்ளிப் போட்டுவிட்டுக் கயிற்றை அசைப்பார், உடனே தூக்கிவிடுவார்கள். ஆழம் 5 முதல் 10 பாகம்; ஒரு பாகம் ஆறடி. மூச்சடக்கம் ஒரு நிமிடம், முன்னே பின்னே. கயிறு பிடிப்பவர் கொஞ்சம் அசந்தால் உயிர் போகும். இந்தத் தொழிலில் அவருக்கும் சரிபாதிப் பங்கு உண்டு என்பேன்.

சுறாவுக்குப் பயம் இல்லாமலா? அதற்காகவே மந்திரம் சொல்லும் கடல்கட்டிகள் இருந்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும் மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கும் போனதாக எழுதுகிறார். முழுக அஞ்சுகிற மனிதனைக் கடலில் இறக்க அந்த நம்பிக்கை தேவைப்பட்டது.

இப்போது ஏன் முத்துக்குளிப்பு இல்லை?

பாரில் சிப்பி நிலையாக இருப்பதில்லை. குஞ்சுகளை நீரோட்டம் அடித்துக்கொண்டு போகும், மணல் மூடும், மீன் தின்னும். பல ஆண்டுகள் ஒன்றுமே இல்லாமல் கிடந்து, பிறகு திடீரென்று நிறையும். தூத்துக்குடிப் பக்கம் கடைசியாகக் குளித்தது 1961இல்.

அப்படியானால் இத்தனை காலம் எதை நம்பிப் பிழைத்தார்கள்?

சங்கை நம்பித்தான். முத்தின் பளபளப்பில் நாம் சங்கை மறந்துவிட்டோம். குஜராத்தின் கட்ச் வளைகுடாவில் உள்ள நாகேஷ்வரில் சிந்துவெளி மக்கள் 4000 ஆண்டுகளுக்கு முன்பே சங்கை அறுத்து வளையல் செய்திருக்கிறார்கள். நம் கடற்சங்கு வங்காளத்துக்குப் போய், கல்யாணமான பெண்களின் கைவளையாக மாறியது. முத்து வராத ஆண்டிலும் சங்கு வந்தது. கொற்கையின் அறுபட்ட துண்டுகளை அதனால்தான் முதலில் சொன்னேன்.

முத்துச்சிப்பியின் சதையைச் சாப்பிடுவார்களா?

இல்லை. சிப்பியைக் கரையில் குவித்து அழுகவிட்டு, பிறகு கழுவி முத்தைத் தேடுவார்கள். சங்கின் சதையைத்தான் குளிப்பவர் வீட்டில் சமைத்துச் சாப்பிடுவார்கள்.