பழைய போன் என்ன பாவம் செஞ்சது?

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: புதுசாக ஒரு போன் வந்திருக்கிறது, மாறலாமா வேண்டாமா? பணகுடியிலிருந்து ஒரு தம்பி விலாவாரியாக எழுதியிருக்கிறார், அவரிடமிருந்தே ஆரம்பிப்போம்.

கேள்வி: அண்ணாச்சி, காற்றாலை பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். 2022-ல் வாங்கிய ஐபோன் 13 வைத்திருக்கிறேன். பேட்டரி ஹெல்த் 79 சதவீதம் காட்டுகிறது, மத்தியானம் தாண்டினால் சார்ஜ் நிற்பதில்லை. 128 ஜிபியும் நிரம்பிவிட்டது. எங்கள் ஊர் கோயில் கொடை விழாவை வருஷாவருஷம் நான்தான் வீடியோ எடுப்பேன். கூட வேலை பார்க்கிற ரெண்டு பேர் ஐபோன் 17 வாங்கிவிட்டார்கள். கடையில் நோ காஸ்ட் இஎம்ஐ உண்டு, பழசை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். மாறட்டுமா?
– வாசகர், பணகுடி

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை ரெண்டு தடவை படித்தேன். போன் மேல் நீங்கள் சொல்கிற குறை ரெண்டுதான், சார்ஜ் நிற்கவில்லை, இடம் இல்லை. கூட இருப்பவர்கள் வாங்கிவிட்டார்கள் என்பதை போனின் குறையில் சேர்க்க முடியாது.

முதலில் சார்ஜ். ஐபோன் 14 வரைக்குமான மாடல்களில் பேட்டரி 500 முழு சார்ஜ் சுற்றுக்குப் பிறகு 80 சதவீதத்தில் நிற்கும் என்றுதான் ஆப்பிளே சொல்கிறது (15-லிருந்து அதை ஆயிரமாக்கிவிட்டார்கள்). தினமும் சார்ஜ் போடுகிற ஆளுக்கு 500 சுற்று எப்போதோ ஓடியிருக்கும், ஆகவே 79 என்பது வியாதி இல்லை, வயசு. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பேட்டரியை மட்டும் மாற்றித் தருவார்கள், புது போன் விலையோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை. டயர் தேய்ந்துபோச்சு என்று யாராவது பைக்கை விற்பார்களா? மலிவாகக் கிடைக்கிறதே என்று கண்ட பேட்டரியைப் போட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான்.

இடம் விஷயம்தான் சுவாரசியமானது. உங்கள் போனில் 4கே தரத்தில், நொடிக்கு 30 பிரேம் வைத்து எடுத்தால் ஒரு நிமிஷத்துக்கு 170 எம்பி, 60 பிரேம் என்றால் 400 எம்பி வரைக்கும் போகும், இது கேமரா செட்டிங்ஸிலேயே எழுதியிருக்கிறது. வில்லுப்பாட்டு, சாமக்கொடை, மறுநாள் மஞ்சள் நீராட்டு என்று ஒரு மணி நேரம் 60 பிரேமில் எடுத்தாலே 24 ஜிபி காலி. ஐபோன் 17-ல் 256 ஜிபி இருக்கிறது, சரி, கொடைக்குக் கொடை ஏற ஏற அதுவும் ஒருநாள் நிரம்பும், அப்போது என்ன செய்வீர்கள்? 1080பி, 30 பிரேமுக்கு இறக்கினால் நிமிஷத்துக்கு 60 எம்பிதான், ஊரில் எல்லாரும் வாட்ஸப்பில்தான் பார்க்கப் போகிறார்கள், அதில் 4கே-யா 1080-யா என்று எந்தப் பெரியப்பாவும் கேட்கப்போவதில்லை. எடுத்ததை ஒரு ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிட்டு போனில் அழியுங்கள். 17-ல் டைப் சி இருக்கிறதே, சீக்கிரம் ஏறுமே என்று நினைக்காதீர்கள். சாதா 17-ல் வயர் சொருகுகிற இடம்தான் டைப் சி, வேகம் பழைய யூஎஸ்பி 2 வேகமேதான். ப்ரோ மாடலில்தான் அது கூடுதல்.

17 மோசம் என்று சொல்ல வரவில்லை. 2025 செப்டம்பரில் வந்தபோது சாதா மாடலுக்கே 120 ஹெர்ட்ஸ் திரை, 48 மெகாபிக்சலில் ரெண்டு கேமரா, 256 ஜிபி எல்லாம் கொடுத்துவிட்டு 82,900 ரூபாய் வைத்தார்கள், அந்தக் கம்பெனி கணக்குக்கு அது தாராளம்தான். உங்களுக்கு உண்மையிலேயே உதவக்கூடிய ஒன்று அதில் இருக்கிறது, அதைத்தான் நீங்கள் எழுதவே இல்லை. வெயிலில் திரையின் வெளிச்சம் 3000 நிட்ஸ் வரைக்கும் ஏறும். பணகுடிப் பொட்டல் வெயிலில், காத்தாடிக்குக் கீழே நின்றுகொண்டு போனைப் பார்க்கிற ஆளுக்குத்தான் அதன் அருமை தெரியும். உங்கள் 13-ல் திரை 800-தான், கையை வைத்து மறைத்துக்கொண்டு பார்ப்பீர்கள், இல்லையா? ஆனால் அதற்காக 82,900 கொடுக்கலாமா என்றால், என் பதில் இல்லை.

அப்புறம் அந்த நோ காஸ்ட். பன்னிரண்டு மாசத்துக்குப் போட்டால் மாசம் 6,900 ரூபாய் சொச்சம். வட்டியே இல்லை என்று அர்த்தம் இல்லை. பேங்க் வட்டி போடத்தான் செய்யும், அந்த வட்டி அளவுக்கு விலையில் தள்ளுபடி காட்டுவார்கள், வட்டி மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில். மொத்தப் பணம் கொடுத்தால் அந்தத் தள்ளுபடியை ரொக்கமாகவே கேட்டு வாங்க முடிகிற கடைகளும் உண்டு, திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ரெண்டு கடை ஏறி இறங்கிப் பாருங்கள், ஒரு கடை சொல்கிற விலையை இன்னொரு கடை சொல்லாது.

விலை இறங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ஐபோன் 16 வந்தபோது 79,900, அடுத்த வருஷம் 17 வந்ததும் 16-ஐ 69,900-க்கு இறக்கினார்கள். ஒரு வருஷம் பொறுத்ததற்குப் பத்தாயிரம். உங்கள் 13-க்கு ஐபோனின் மென்பொருளான ஐஓஎஸ் 26 வந்திருக்கிறது, ஐபோன் 11 வரைக்குமே அது உண்டு. ஆகவே பாதுகாப்பு அப்டேட் நின்றுபோச்சு என்ற பயமும் இப்போதைக்கு இல்லை. பேட்டரி மாற்றுங்கள், வீடியோவைக் காலி பண்ணுங்கள், இந்த வருஷக் கொடையையும் இதிலேயே எடுங்கள். என்றைக்காவது மாறினாலும் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதீர்கள், அவர்கள் கொடுக்கிற விலைக்கு உங்கள் அம்மாவிடம் அந்த போனைக் கொடுத்தால் சந்தோஷமாவது மிஞ்சும்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை நான். 2019-ல் வாங்கிய ஆண்ட்ராய்டு போன் இன்னும் ஓடுகிறது, கீழே போட்டதுகூட இல்லை. பென்ஷன் வருகிற பேங்க் ஆப், கூகுள் பே எல்லாம் அதில்தான். சில நேரம் கொஞ்சம் திணறுகிறது. மகன் புது போன் வாங்கித் தருகிறேன் என்கிறான். ஓடுகிறதை எதற்கு மாற்ற வேண்டும்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: டீச்சரம்மா, மேலே அந்தத் தம்பியை வேண்டாம் என்றேன், உங்களை மாறச் சொல்கிறேன். ஆசைப்படுகிறவருக்குத் தேவை இல்லை, வேண்டாம் என்கிற உங்களுக்குத்தான் தேவை!

போனில் செட்டிங்ஸ் போய் கடைசியில் அபவுட் போன் என்பதைத் தொடுங்கள், ஆண்ட்ராய்டு வெர்ஷன் என்ற இடத்தில் செக்யூரிட்டி அப்டேட் என்று ஒரு தேதி இருக்கும். 2019-ல் வந்த நடுத்தர விலை போன்களுக்குப் பெரும்பாலும் ரெண்டு மூணு வருஷத்துக்கு மேல் அது வந்ததில்லை. ஆகவே 2021, 2022 என்று ஏதாவது காட்டும் என்று நினைக்கிறேன். அந்தத் தேதிக்குப் பிறகு ஆண்ட்ராய்டில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளில் பலவும் உங்கள் போனில் திறந்தபடியே கிடக்கின்றன. பாட்டு கேட்கவும் பேசவும் மட்டும் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்பேன், பென்ஷன் பணம் அதற்குள் இருக்கிறதே.

மகனிடம் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்காதீர்கள், எத்தனை வருஷம் அப்டேட் வரும் என்று கேளுங்கள். சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி 2024-ல் வந்தது, அதற்கு ஆறு வருஷம் பாதுகாப்பு அப்டேட் என்று சொல்லியிருக்கிறார்கள். விலை கூடிய எஸ்24-க்கும், கூகுள் பிக்சல் 8-க்கும் ஏழு வருஷம். உங்களுக்கு ஏ16, அல்லது அதற்கு அடுத்து வந்த ஏ17 போதும். மகன் பிரியப்பட்டு அறுபதாயிரத்துக்கு வாங்க வந்தால் தடுத்துவிடுங்கள்.

மாற்றுகிற அன்று அவசரப்பட வேண்டாம். வாட்ஸப்பை முதலில் பேக்கப் எடுக்கச் சொல்லுங்கள். கூகுள் பேயும் பேங்க் ஆப்பும் புது போனில் மறுபடி பதிய, பேங்கில் கொடுத்த நம்பரின் சிம் அந்த போனுக்குள் இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாகப் போகும், ரீசார்ஜ் முடிந்திருந்தால் போகாது, எதற்கு வேலை செய்யவில்லை என்று நாள் பூராவும் முழிக்க வேண்டிவரும். பழைய போனைக் கொடுப்பதற்கு முன் கூகுள் கணக்கை எடுத்துவிட்டு ரீசெட் பண்ணிவிடுங்கள்.

இன்னொன்று, கல்யாணப் பத்திரிகை, டிராபிக் அபராதம் என்று வாட்ஸப்பில் ஏபிகே பைல் (ஆப்பை நேரடியாக ஏற்றுகிற பைல்) வந்தால் எந்த போனாக இருந்தாலும் தொடாதீர்கள். அதை நாமே இன்ஸ்டால் பண்ணிவிட்டால் ஏழு வருஷ அப்டேட்டும் காப்பாற்றாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிட வேண்டும், மறுநாள் பார்த்துக்கலாம் என்று விடக்கூடாது.

கேள்வி: மச்சான் துபாயிலிருந்து வருகிறார், ஐபோன் 17 கொண்டுவரச் சொல்லலாமா?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: சொல்லுங்கள், ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு சொல்லுங்கள். அமீரகம், சவுதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் நாடுகளில் விற்கிற 17-ல் சிம் போடுகிற இடமே கிடையாது, போனுக்குள்ளேயே பதிகிற இசிம் மட்டும்தான். இங்கே விற்கிறதில் சிம் தட்டு உண்டு. இசிம் இங்கேயும் நடக்கும், ஜியோவும் ஏர்டெல்லும் தருகிறார்கள். தொந்தரவு எங்கே என்றால், போன் கீழே விழுந்து உடைந்த அன்று சிம்மைக் கழற்றி வீட்டிலிருக்கிற பழைய போனில் போட முடியாது. கடைக்காரராக இருந்தால், நாள் முழுக்க அதே நம்பருக்குப் பணம் வருகிற ஆளாக இருந்தால், நான் இங்கேயே வாங்குவேன்.

கேள்வி: ஐபி68 என்று போட்ட புது போன் பார்த்தேன். மணிமுத்தாறு அருவியிலும் உவரி கடலிலும் தைரியமாக வீடியோ எடுக்கலாமா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: ஐபி68 என்பது தூசி, தண்ணீர் தாங்குவதற்கான தரக் குறியீடு, அதன் தண்ணீர் சோதனை அசையாத நல்ல தண்ணீரில் செய்வது. அருவி விழுகிற வேகம் வேறு, கடலின் உப்பு வேறு. போன் பழசாக ஆக உள்ளே இருக்கிற ரப்பர் அடைப்பும் தளரும். அதைவிட முக்கியம், தண்ணீர் போய்க் கெட்டால் பொதுவாக வாரண்டி கிடையாது, ஐபி68 என்று பெரிய எழுத்தில் போட்டவர்களே அதைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். மழையில் நனைந்தால் பயப்பட வேண்டாம் என்ற அளவுக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள். குளிக்கப் போனால் குளியுங்களேன், வீடியோ எதுக்கு?

கேள்வி: எங்கள் ஊரில் சிக்னல் மோசம். 5ஜி போன் வாங்கினால் சரியாகுமா?
– வாசகர், திசையன்விளை

பதில்: முதலில் ஊரில் 5ஜி இருக்கிறதா என்று பாருங்கள், பக்கத்து வீட்டில் யாரிடமாவது 5ஜி போன் இருந்தால் உங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து பார்த்தாலே தெரிந்துவிடும். ஜியோ 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் வாங்கியது. சுவரைத் தாண்டி உள்ளே வருவதும், தூரம் போவதும் அந்த அலைவரிசைதான். போனின் விவரப் பட்டியலில் என்28 (அந்த 700-க்கான பெயர்) இருக்கிறதா என்று கடைக்காரரிடம் காட்டச் சொல்லுங்கள், இன்னொரு 5ஜி அலைவரிசையான என்78 எல்லா 5ஜி போனிலும் பெரும்பாலும் இருக்கும். ஏர்டெல் என்றால் என்78 முக்கியம். ஊரில் டவரே இல்லை என்றால் எந்த போனும் ஒன்றும் செய்யாது.

கேள்வி: புது போன் வந்ததும் பலர் பழசை விற்கிறார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தாராளமாக. புது மாடல் வருகிற சமயம்தான் நல்ல பழசு கிடைக்கும். பில் இல்லாமல் வாங்காதீர்கள். *#06# அடித்தால் அந்த போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ நம்பர் வரும், கேஒய்எம் என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஒரு இடம் விட்டு, அந்த நம்பரைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பிளாக்லிஸ்ட், டூப்ளிகேட், ஏற்கெனவே உபயோகத்தில் என்று பதில் வந்தால் பணத்தை எடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள். ஐபோன் என்றால், விற்கிறவர் உங்கள் கண் முன்னாலேயே அவருடைய ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியே வந்து ரீசெட் பண்ண வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பண்ணித் தருகிறேன் என்றால், பண்ணிவிட்டு வாங்க, அப்புறம் காசு தருகிறேன் என்று சொல்லுங்கள்.