பாட்டன் ஊருக்கு ஒரு பயணம்: வாசகர் கேள்வி – பதில்

பூர்வீக ஊரைத் தேடி நண்பர்களோடு தமிழ்நாட்டுக்கு வர நினைக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும், அவர்களை வரவேற்கக் காத்திருக்கும் ஒருவரின் கேள்வியும் இங்கே.

நண்பர்கள் நான்கு பேர் முதுகுப் பையோடு 14 நாள் வருகிறோம். என் கொள்ளுத்தாத்தாவின் பழைய தாளில் ‘நாகப்பட்டினம்’ என்று இருக்கிறது. அங்கிருந்து தொடங்கலாமா?
– வாசகி, கிள்ளான், மலேசியா

அது அவருடைய ஊராக இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் அது கப்பல் ஏறிய துறைமுகம் மட்டுமே. கங்காணி (தோட்டத்துக்கு ஆள் பிடித்துத் தருபவர்) திரட்டி வந்த ஆட்களை நாகையிலும், சென்னையை அடுத்த ஆவடியிலும் இருந்த முகாம்களில் தங்கவைத்துத்தான் மலாயாவுக்கு அனுப்பினார்கள். சேலத்துக்காரரும் திருச்சிக்காரரும் அந்த வழியாகவே போனார்கள். ஆகவே தாளில் இந்த இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் அதை ஊர் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். ஆட்களைத் திரட்டி, பயணச் செலவைக் கொடுத்து மலாயாத் தோட்டங்களுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்தியது. அதற்குப் பின் வந்தவர் சொந்தச் செலவில் வந்திருப்பார். அவருடைய கடவுச்சீட்டு வீட்டில் கிடைத்தால் அதில் பிறந்த ஊரைப் பாருங்கள்.

விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் வீட்டுப் பெட்டியைக் கிளறுங்கள். ஊரிலிருந்து வந்த பழைய ஏர் லெட்டர் ஒன்று கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அதன் பின்பக்கத்தில் ஊர், அஞ்சல், வழி, தாலுகா என்று எழுதியிருப்பார்கள். ‘அஞ்சல்’ என்பது தபால் நிலையம் இருக்கும் ஊர், அது பக்கத்துக் கிராமமாகவும் இருக்கும். ‘வழி’ என்பது தபால் வந்து பிரியும் ஊர். இரண்டையும் பூர்வீக ஊர் என்று எண்ணி அங்கே போய் இறங்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். உங்களுக்கு வேண்டியது முதலில் எழுதியிருக்கும் பெயர். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல்தான் வந்தது. பின்கோடு உள்ள கடிதமென்றால் தபால் நிலையத்தை உடனே கண்டுபிடிக்கலாம், ஆனால் ஒரே எண்ணில் பல கிராமங்கள் அடங்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பழைய கல்யாணப் பத்திரிகை அதைவிட நல்லது. தலைப்பில் ‘இன்ன சாமி துணை’ என்று குலதெய்வத்தின் பெயர் அச்சாகியிருக்கும். கீழே தாய்மாமன், பங்காளிகள் எல்லாரும் ஊர்ப் பெயரோடு இருப்பார்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, தாளிலும் அச்செடுத்து வையுங்கள். கிராமத்துப் பெரியவர் கையில் போனைக் கொடுத்தால் திரை அணைந்துவிடும், எழுத்து சிறிதாக இருக்கும். தாளைக் கொடுத்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படிப்பார்.

14 நாளுக்கு ஒரே ஒரு மாவட்டம் போதும். தாலுகாத் தலைநகரில் அறை எடுத்துப் பெரிய பையை அங்கே வைத்துவிட்டு, சின்னப் பையோடு தினமும் கிராமத்துக்குப் போய் வாருங்கள். ஒரே ஊருக்குக் குறைந்தது மூன்று முறையாவது போங்கள். முதல் நாள் யாருக்கும் எதுவும் நினைவுக்கு வராது. நீங்கள் கிளம்பிய பிறகு வீட்டுக்கு வீடு பேசுவார்கள். மறுநாள் போகும்போது யாராவது ஒரு பாட்டியைக் கூட்டிவந்து வைத்திருப்பார்கள்.

எங்கள் குலதெய்வம் அய்யனார் என்று மட்டும் தெரியும். இதை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், சிங்கப்பூர்

அய்யனார் என்று மட்டும் சொன்னால் முடியாது, ஊருக்கு ஊர் அய்யனார் உண்டு. அடைமொழி வேண்டும். அடைக்கலம் காத்த அய்யனார், நிறைகுளத்து அய்யனார் என்று முழுப்பெயர் தெரிந்தால் தேடும் இடம் சட்டென்று சுருங்கும். கூடவே எந்தச் சாமிக்குக் கிடா வெட்டினார்கள், முடி இறக்கியது எங்கே, வகையறாப் பெயர் அல்லது பட்டப்பெயர் என்ன என்று வீட்டில் மூத்தவர்களிடம், குறிப்பாக அத்தைகளிடம், கேட்டு எழுதுங்கள். தாத்தாவின் பெயரைவிட வகையறாப் பெயர் பயன்படும். ‘முருகேசன் வீடு எது?’ என்றால் ஊரில் பத்து முருகேசன் இருப்பார்கள். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம் என்பதால் ஒரு தலைமுறை விட்டு அதே பெயர் திரும்பத் திரும்ப வரும். பெயரோடு, அவர் எந்த வருடம் கப்பல் ஏறினார், கூடப் பிறந்தவர் எத்தனை பேர் என்றும் சொன்னால்தான் ஆள் பிடிபடும்.

பயண நாளை உங்கள் வசதிப்படி வைக்காமல் சாமியின் நாளைப் பார்த்து வையுங்கள். மதுரை, விருதுநகர், தேனிப் பக்கம் மாசி மகா சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோவிலுக்குப் போவார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சாஸ்தா கோவில்களுக்குப் பங்குனி உத்திரம். சென்னை, திருப்பூர் என்று சிதறிக் கிடக்கும் பங்காளிகள் எல்லாம் அந்த ஓர் இரவு ஒரே இடத்தில் கூடுவார்கள். வேறு நாளில் போனால் பல கோவில்கள் பூட்டியே கிடக்கும். சாவி பூசாரி வீட்டில் இருக்கும், பூசாரியோ வயலில் இருப்பார்.

பூசாரியிடமோ கோவில் நிர்வாகியிடமோ வரி நோட்டைப் பார்க்கலாமா என்று பணிவாகக் கேளுங்கள். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும் நோட்டு அது. ஒவ்வொரு குடும்பத் தலைவரின் பெயரும், இப்போது இருக்கும் ஊரும், கட்டிய தொகையும் வரிசையாக இருக்கும். அண்ணன் தம்பிகள் பெரும்பாலும் அடுத்தடுத்த வரியில் வருவார்கள். அதேபோல் பழைய வீடுகளில் மொய் நோட்டு இருக்கும். அதில் ஊர்ப் பெயர், ஆள் பெயர், தொகை என்று எழுதுவது வழக்கம். 1950, 60-களின் நோட்டு கிடைத்தால் ‘மலேயா’, ‘பினாங்கு’ என்று ஊர் போட்ட வரியைத் தேடுங்கள். அனுப்பியவரின் பெயர் உங்கள் வீட்டுப் பெயராக இருந்தால், நீங்கள் நிற்பது சரியான வாசல்.

ஒரு தவறு மட்டும் செய்துவிடாதீர்கள். முதல் நாளே கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் பட்டா, சிட்டா போன்ற நிலத் தாள்களைக் கேட்காதீர்கள். அரை மணியில் ஊருக்கே தெரிந்துவிடும், பங்கு கேட்டு வந்திருக்கிறார்கள் என்ற பயத்தில் உறவினர் வாயை மூடிக்கொள்வார்கள். வாசலில் நிற்கும்போதே, ‘நிலத்துக்கோ வீட்டுக்கோ வரவில்லை, உங்களைப் பார்க்கத்தான் வந்தோம்’ என்று சொல்லிவிடுங்கள். கையில் பழம், வெற்றிலை பாக்கு போதும். பணம் கொடுக்க ஆசைப்பட்டால் ஆளிடம் நீட்டாமல், உங்கள் தலைக்கட்டு வரியைக் கோவிலில் கட்டி ரசீது கேளுங்கள். அடுத்த வருடம் திருவிழாவுக்குச் சொல்லி அனுப்புகிற பட்டியலில் உங்கள் குடும்பமும் சேர்ந்துவிடும்.

எங்கள் முன்னோர் 1890-களில் நேட்டாலுக்கு வந்தவர். பதிவில் ஜில்லா ‘வட ஆற்காடு’ என்று இருக்கிறது. இன்றைய வரைபடத்தில் அப்படி ஒரு மாவட்டம் இல்லையே?
– வாசகர், டர்பன், தென்னாப்பிரிக்கா

1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் போனவர்களின் கப்பல் பட்டியலில் தந்தை பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் உண்டு. ஜில்லாவை விட்டுவிட்டுத் தாலுகாவைப் பிடியுங்கள். வட ஆற்காடு 1989-இல் வேலூர்ப் பக்கம், திருவண்ணாமலைப் பக்கம் என்று இரண்டானது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. இன்று குடியாத்தம் வேலூரில், வாலாஜா ராணிப்பேட்டையில், ஆரணி, போளூர், வந்தவாசி திருவண்ணாமலையில். சித்தூர், சந்திரகிரி என்றிருந்தால் அது 1911-இல் பிரிந்த சித்தூர் மாவட்டத்துக்குப் போன பகுதி, இன்று ஆந்திரம் (சந்திரகிரி 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில்). அங்கே தெலுங்கில் விசாரிக்க ஆள் வேண்டும்.

ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது அது. அந்தத் தாலுகாக்காரர் ஒருவர் முன் சத்தமாக நாலைந்து விதமாக வாசித்துக் காட்டுங்கள். புதூர், மேட்டூர் மாதிரியான பெயர் என்றால் பக்கத்து ஊர்ப் பெயரும் இல்லாமல் தேடவே வேண்டாம்.

சிறு ஊர் லாட்ஜ்களில் வெளிநாட்டவருக்கு அறை தர மறுக்கிறார்கள் என்கிறார்களே? ரயில், பஸ் எப்படி?
– வாசகர், ஈப்போ, மலேசியா

வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருபவரைத் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள், ‘சி’ படிவம் என்று சொல்லப்படும் வெளிநாட்டு விருந்தினர் விவரப் படிவத்தை இணையத்தில் பதிய வேண்டும். அதற்குப் பதிவு செய்துகொள்ளாத சின்ன லாட்ஜ்கள் வேண்டாம் என்றுவிடும். தமிழ் பேசினாலும் தமிழ் முகமானாலும் விதி அதுதான், கோபப்பட்டுப் பயனில்லை. போனில் அறை கேட்கும்போதே ‘மலேசியப் பாஸ்போர்ட், சி படிவம் போடுவீர்களா?’ என்று கேளுங்கள். கடவுச்சீட்டு, விசா நகல்கள் ஆளுக்கு ஆறு செட் எடுத்து வாருங்கள்.

ரயிலில் கடைசி நேரத்தில் எடுக்கும் தட்கல் டிக்கெட்டை நம்ப வேண்டாம். 2025 ஜூலை முதல் இணையத்தில் அதற்கு ஆதார் கட்டாயம். சாதாரண முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், முடிந்தவரை சீக்கிரம் எடுத்துவிடுங்கள். பொங்கல், தீபாவளி வாரம் தவிர மற்ற நாளில் பகல் பஸ்ஸுக்கு முன்பதிவே தேவையில்லை.

பை ஆளுக்கு 8 கிலோவைத் தாண்டக் கூடாது. டவுன் பஸ்ஸில் காலை 8 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 5 வரையும் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம், அப்போது முதுகில் பையோடு ஏறவே முடியாது. ஆட்டோவில் மூன்று பேருக்குத்தான் அனுமதி, நான்கு பேருக்கும் பைக்கும் இரண்டு ஆட்டோ ஆகும். நான்கு கிராமம் சுற்றும் நாளில் வாடகைக் கார் எடுங்கள். டிரைவர் பேட்டா வாடகையில் சேர்த்தியா தனியா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். ரயில் நிலையப் பொருள் காப்பறையில் பூட்டாத பையை வாங்க மாட்டார்கள். கயிறு இழுத்துக் கட்டும் வாய் கொண்ட முதுகுப் பையைப் பூட்ட முடியாது. ஜிப் வைத்த மடிப்புச் சாக்குப் பை ஒன்றும் சின்னப் பூட்டும் கொண்டு வந்தால், முதுகுப் பையை அதற்குள் போட்டுப் பூட்டிக் கொடுக்கலாம்.

வருவதற்கு ஜனவரி, பிப்ரவரி நல்லது. காவிரி டெல்டாவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, வயல் வழியெல்லாம் சேறு. தெரு நாய் கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி இலவசம்.

மலேசியாவிலிருந்து சித்தப்பா பேரன் நண்பர்களோடு வருகிறான். எங்கள் வீட்டிலேயே தங்கவைக்கலாமா?
– வாசகி, மன்னார்குடி

தாராளமாக. சி படிவம் வீட்டுக்கும் உண்டு. வெளிநாட்டவர் பதிவு இணையதளத்தில் உங்கள் வீட்டு முகவரியை முன்கூட்டியே பதிந்து கணக்குத் தொடங்குங்கள். வந்த அன்றே கடவுச்சீட்டு, விசா, புகைப்படம் வாங்கிப் பதிந்துவிடுங்கள். உறவுக்காரன் மட்டுமில்லை, நண்பர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படிவம்.

முதல் இரண்டு நாள் குடிக்கக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் கொடுங்கள். விருந்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், வந்த அன்றே கறியும் எண்ணெய்ப் பலகாரமும் போட்டால் மூன்றாம் நாள் ஊர் சுற்ற முடியாமல் படுத்துவிடுவார்கள். வயதான பங்காளி யாராவது ஊரில் இருந்தால், பையன்கள் வருவதற்கு முன்பே போய்ச் சொல்லி வையுங்கள். பரணில் கிடக்கும் மொய் நோட்டைத் தேடி எடுக்க அவருக்கும் நாலு நாள் வேண்டும்.